கடனா, கருவியா? – ஒரு பொருளியல் வகுப்பு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 'அரசாங்கமும் வரிகளும்', 'தமிழ்நாட்டில் தொழில்துறை தொகுப்புகள்' ஆகிய பாடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆம்பூரை அடுத்த எங்கள் பள்ளியில், பல மாணவர்களின் வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குச் செல்கிறார். எனவே இரு பாடங்களையும் ஒரே கேள்வியால் இணைக்க நினைத்தேன்: அரசு முதலில் கடனைக் குறைக்க வேண்டுமா, தொழில்நுட்பத்தில் முதலிட வேண்டுமா?

செயல்பாடு 1: கணக்கிடுதல்

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், மாநிலக் கடன் 5,70,189 கோடி ரூபாய். குடும்பங்கள் சுமார் 2.16 கோடி. வகுத்துப் பார்க்கச் சொன்னேன். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் வந்தது. "சார், இதை எங்க வீட்டுல வந்து கேப்பாங்களா?" என்றான் ஒருவன். வசூலிக்க யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். ஆனால் நாம் செலுத்தும் வரியில் ஒரு பங்கு வட்டிக்குப் போய்விடுகிறது, அந்த அளவுக்குப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் குறைகிறது என்று விளக்கினேன். பற்றாக்குறையைக் கட்டுக்குள் வைக்கவே 2003-இல் தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது என்பதையும் சேர்த்தேன்.

செயல்பாடு 2: பாலாற்றுக் கணக்கு

அடுத்து, செலவு செய்யாததால் வரும் கடனைப் பார்த்தோம். தோல் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் பாலாற்றிலும் விளைநிலங்களிலும் கலந்ததை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம், பாதிக்கப்பட்ட 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அரசு மானியத்துடனும் தொழில் நிறுவனங்களின் பங்களிப்புடனும் எழுந்தன. உப்பைப் பிரிக்கும் எதிர் சவ்வூடு பரவல் கருவிகள் அதன் பிறகே சேர்க்கப்பட்டன. இழப்பீட்டைப் பணமாகக் கொடுத்துவிடலாம். உப்பேறிய கிணற்றை அவ்வளவு எளிதில் பழையபடி ஆக்க முடியாது.

செயல்பாடு 3: விவாதம்

வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தேன். கருவி அணிதான் வெல்லும் என்று நானே மனதில் முடிவு செய்து வைத்திருந்தேன். அப்போது பேசாமல் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா குழு லோன்ல தையல் மெஷின் வாங்கினாங்க சார். நாலு மாசம் ஓடுச்சு. மோட்டார் போயிடுச்சு. சரி பண்ணக் காசு இல்ல. லோன் மட்டும் இன்னும் ஓடுது."

வகுப்பு அமைதியானது. என் கேள்வியில் இருந்த குறை எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கருவி வாங்குவது ஒருமுறை ஆகும் மூலதனச் செலவு. அதைப் பராமரிப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேறு தேக்கிய தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்ததை மாணவர்களுக்குச் சொன்னேன். நிலையத்தைக் கட்டியதோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை.

முடிவில் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினோம்:

1. வாங்கும் கடன் அன்றாடச் செலவுக்கா, வருவாயோ பாதுகாப்போ தரும் சொத்துக்கா?
2. அந்தச் சொத்தைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறோமா?
3. இன்று செலவு செய்யாவிட்டால் நாளை யார், எவ்வளவு இழப்பார்கள்?

இந்த மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால் கடன் வாங்கியும் முதலிடலாம். இல்லையென்றால் கடனைக் குறைப்பதே முதல் வேலை. இதுவே என் வகுப்பு வந்தடைந்த முடிவு.

ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டு குறிப்புகள். உங்கள் ஊரின் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் சாயப்பட்டறை இருக்கிறது. வீட்டுக் கடனைப் பற்றிப் பேச நேர்ந்தால், பெயர் எழுதாத தாளில் எழுதி வாங்குங்கள். அந்த மாணவி துணிந்து சொன்னாள். ஆனால் மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் சென்று, இன்று பாடம் நடத்தியது நீதான் என்றேன். இதை நான் வகுப்பிலேயே, எல்லோர் முன்னும் சொல்லியிருக்க வேண்டும்.