கொல்லன் பட்டடை: காலக்கணிப்பும் மதிப்பீடும்

முன்னுரை

திருவேங்கடம் உள்ளிட்ட சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் ஊர்களில் ஏர்க்கொழு, அரிவாள், மண்வெட்டி, வண்டிப்பட்டை முதலியவற்றை ஆக்கித் தந்தவை கொல்லன் உலைக்களங்கள். டிராக்டர் உழவு பரவியபின் உலைகள் அவிந்து வருகின்றன. பட்டடைகளும் பழைய இரும்பாக எடைக்குப் போகும் நிலையில் உள்ளன. அவற்றின் காலத்தையும் மதிப்பையும் கணிக்க உதவும் சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்சான்று

பட்டடை, அடைகல், உலைக்கல் என்பன ஒருபொருள் குறித்த சொற்கள். குறுந்தொகை 12இல் உலைக்கல் சுரத்துப் பாறைக்கும், புறநானூறு 170இல் பிட்டங்கொற்றனின் வலிமைக்கும் உவமையாகிறது. ‘கல்’ என்னும் சொற்கூறு கல்லாலான பட்டடை வழங்கிய நிலையைச் சுட்டுவதாகக் கொள்ளலாம். எனினும் பொருள் இரும்பாக மாறியபின்னும் பெயர் நிலைத்திருக்கக் கூடும். ஆதலின் பெயர் கொண்டு பொருளின் காலத்தை வரையறுத்தல் பொருந்தாது.

வடிவமும் பொறிப்பும்

மரக்கட்டையில் பதிக்கப்படும் கொம்பில்லாச் சதுரப் பட்டடை நாட்டு மரபினது. அவ்வடிவம் நெடுங்காலம் மாறாமையால் வடிவம் மட்டும் காலச்சான்றாகாது. கொம்பும் துளைகளும் உடைய ஆங்கிலப் பட்டடையிலோ பக்கப் பொறிப்பு துணைசெய்கிறது. அதிலுள்ள மூன்று எண்கள் முறையே அந்தர் (112 இராத்தல்), கால் அந்தர் (28 இராத்தல்), இராத்தல் ஆகியவற்றைக் குறிக்கும். சான்றாக, 1-2-10 என்பது 178 இராத்தல், அதாவது ஏறத்தாழ 80.7 கிலோ. இவ்வெண்களை ஆண்டாகவோ கிலோவாகவோ படிப்பது பிழை. இந்தியாவில் மெட்ரிக் எடைகள் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தமையால், கிலோக் குறியுடைய இந்தியப் பட்டடை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

கரிமக் கணிப்பின் எல்லை

தொல்லியலில் இரும்பின் காலம் பெரும்பாலும் உடன்கிடைத்த கரியைக் கொண்டே கணிக்கப்படுகிறது. இடம்பெயர்ந்த பட்டடைக்கு அத்தகைய மண்ணடுக்குச் சூழல் இல்லை. மரக்கரியால் உருக்கிய இரும்பாயின் அதிலுள்ள கரிமத்தையே ஆராயலாம். நிலக்கரிக் கல்கரியால் உருக்கிய இரும்பிலோ கரிமம் மிகப் பழையதாதலின் முடிவு பொய்யான பழமையைக் காட்டும்.

மதிப்பீடு

பட்டடையின் மதிப்பு மூவகைப்படும்: எடை மதிப்பு, தொழில் மதிப்பு, பண்பாட்டு மதிப்பு. தொழில் மதிப்பை முகத்தின் சமநிலை, விளிம்பின் முழுமை, எஃகுக் குண்டு எழும்பும் உயரம் ஆகியவை காட்டும். தேனிரும்பு உடலில் எஃகு முகம் பற்றவைத்த பட்டடை கணீரென ஒலிக்கும். வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும். ஒலி மங்கினால் விரிசலையும் ஐயுற வேண்டும். முகத்தைச் சாணை பிடித்துப் பளபளப்பாக்குவது மெல்லிய எஃகுத் தகட்டைத் தேய்ப்பதாகும். பக்கங்களைச் சுரண்டுவது பொறிப்பை அழிப்பதாகும். இரண்டும் மதிப்பைக் குறைப்பன.

காலக்கணிப்புக்குச் சட்டப்பயனும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, கடந்தகாலக் கைவினையை விளக்கும் நூறாண்டுக்குக் குறையாத பொருளும் தொல்பொருளாகும். அதனைத் தனியார் ஏற்றுமதி செய்தல் தடைசெய்யப்பட்டுள்ளது.

முடிவுரை

பட்டடையின் காலத்தை ஒற்றைச் சான்று நிறுவாது. பொறிப்பு, ஆக்கமுறை, உலோகம், வழிவழி வந்த உடைமை வரலாறு ஆகியவை ஒத்துவரும்போதே முடிவு வலுப்பெறும். இவற்றுள் இரும்பில் பதியாதது உடைமை வரலாறு. அது கொல்லர் குடும்பத்து முதியோர் நினைவில் மட்டுமே வாழ்வது. எனவே பட்டடையை நிறுப்பதற்குமுன் நிழற்படமும் அளவும் எடுத்து, அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்தல் ஆய்வாளரின் முதற்கடமையாகும்.