குட்டி நாய் வந்தாச்சா? பல்லைக் கவனியுங்கள்!

மார்கழி, தை வந்தால் திருவாரூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு நாய்க்குட்டிகள்தான். பிள்ளைகள் அதில் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்து, "நம்ம வீட்லயே இருக்கட்டும்மா" என்று நிற்பார்கள். வசதி உள்ளவர்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று தேடிப் போய் வாங்குகிறார்கள். எந்தக் குட்டியானாலும், பத்தாம் நாள் வீட்டம்மா சொல்வது ஒன்றுதான்: "கூடம் பூரா மூத்திரம் டாக்டர், காலைக் கடிச்சே கொல்லுது!"

கண் திறந்ததுமே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வருவது தப்பு. எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கட்டும். விளையாட்டில் அழுத்திக் கடித்தால், கடிபட்ட குட்டி வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திக்கொள்ளும். "ஓகோ, இவ்வளவு அழுத்தக் கூடாது போலிருக்கு" என்று இது கற்றுக்கொள்வது அங்கேதான்.

மனிதரோடு ஒட்டுவதற்கும் ஒரு பருவம் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1961-ல் வெளிவந்தது. பதினான்கு வாரம் வரை ஆள் பழக்கமே இல்லாமல் வளர்ந்த குட்டிகள், பிறகு மனிதரை நெருங்கவே மிரண்டன. ஆகவே மூன்று மாதத்துக்குள் தாத்தாவின் கைத்தடி, குக்கர் விசில், தபால்காரர் சைக்கிள், பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாவற்றையும் குட்டி பார்த்துவிட வேண்டும். அதற்காக ஆழித்தேர்க் கூட்டத்துக்கே தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! தடுப்பூசிகள் முடியும்வரை, மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் தரையில் விட வேண்டாம். பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் குட்டிகளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும். கையில் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டினால் போதும்.

முதல் சில இரவு அழத்தான் செய்யும். கொல்லையில் தனியாகக் கட்டிப் போடாமல், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் பழைய புடவையை விரித்துப் படுக்க வையுங்கள். மூத்திர விஷயம் ரொம்ப சுலபம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லையில் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். போனதும் அங்கேயே தட்டிக் கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பழக்கும் சொல் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அப்பா 'சிட்' என்கிறார், பாட்டி 'குந்து' என்கிறாள், பையன் 'உட்காருடா' என்கிறான். பாவம், அதுக்கு எது புரியும்? சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் தட்டை வையுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும். அந்தத் தட்டில் வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் கூடாது.

இனி பல். பால் பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் அவை விழுந்து முளைக்கும். அதுவரை ஈறு ஊறல் எடுக்கும், கடிக்கும். கடித்தால் அடிக்காதீர்கள். அடிபட்ட குட்டி கையைக் கண்டாலே பயப்படும், பயந்த நாய்தான் பின்னாளில் கடிக்கும். விளையாட்டை அப்படியே நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கடிக்க முடிச்சுப் போட்ட ஈரத்துணி கொடுங்கள். வீட்டு இளவட்டங்கள் வெறுங்கையை ஆட்டி உசுப்பேற்றும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். "குட்டிதானே, பால் பல்லுதானே" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தெருவில் வெறிநாய் கடித்த குட்டி என்றால் அதன் எச்சிலிலும் கிருமி இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாக மூன்றாவது மாதத்தில்தான் குட்டிக்குப் போடுகிறோம். அது போட்டு வேலை செய்கிறவரைக்கும் பாதுகாப்பு கிடையாது.

குழந்தைகள் கடிபட்டதை மறைத்துவிடுவதுதான் ஆபத்து. சொன்னால் குட்டியைத் துரத்திவிடுவார்களே என்ற பயம்! குட்டி வந்த அன்றைக்கே சொல்லி வையுங்கள்: "கடிச்சாலும் கீறினாலும் உடனே சொல்லணும் கண்ணு. உன்னையும் திட்ட மாட்டோம், குட்டியையும் விரட்ட மாட்டோம்."

பல் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. பச்சிலை கேட்டு என்னிடம் வருகிறவர்களையும் நான் நேரே பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன். சித்த மருத்துவம் படித்தவன் சொல்கிறேன்: வெறிநோய் முற்றிவிட்டால் நம்பிக் கொடுக்கிற மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. அரசு மருத்துவமனையில் இப்போது கையில் தோலுக்குள் போடுகிறார்கள். கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் செலுத்த வேண்டும். வலி நின்றுபோச்சு என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

குட்டியின் ஊசிக்குக் கால்நடை மருத்துவமனையில் ஓர் அட்டை தருவார்கள். ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே அதையும் வையுங்கள். அடுத்த வருஷமும் ஊசி உண்டு.