தலை கொஞ்சம் கோணலா, தம்பி?

பின்மண்டை தட்டை, ஒரு பக்கம் தூக்கல் என்று கவலைப்படுகிற தம்பி தங்கைகளுக்கு அக்கா முதலில் சொல்வது: எலும்பு இனி நகராது. தலையைத் திருத்தும் ஹெல்மெட் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது மண்டையோடு இளசாக இருக்கும் கைக்குழந்தைகளுக்கு. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் மாட்டிவிடுவது. உன் வயதில் எண்ணெய் போட்டு நீவினாலும், துணியை இறுக்கிக் கட்டினாலும், திரும்பிப் படுத்தாலும் வடிவம் மாறாது. மாறும் என்று ஆன்லைனில் விற்பவனுக்குக் காசு கொடுக்காதே. "குளிப்பாட்டும்போது ஒழுங்கா உருட்டலை" என்று பாட்டி ஆரம்பித்தால், நீயும் சேர்ந்துகொண்டு அம்மாவைக் குறை சொல்லாதே.

சலூனில்தான் நிறைய செய்யலாம். பக்கவாட்டை ஒட்டச் சிரைக்கும் ஃபேட் உனக்கு எதிரி. மேடு பள்ளம் எல்லாம் வெளியே தெரியும். மிஷின் போட்டால் 4-ம் நம்பருக்குக் கீழே இறங்க வேண்டாம் என்று சொல். அது அரை அங்குல முடியை விட்டுவைக்கும். தட்டையான இடத்தில் மிஷினே வேண்டாம். கத்தரியால் அடுக்கடுக்காக வெட்டி, அங்கே மட்டும் கொஞ்சம் நீளம் விடச் சொல். தூக்கலான பக்கத்தில் குறைக்கலாம். கூச்சப்படாமல் இடத்தைத் தொட்டுக் காட்டு. முடி வெட்டுகிற அண்ணன் பார்க்காத மண்டையா?

எண்ணெயை வழிய வைத்துப் படிய வாரினால் செய்த வேலையெல்லாம் வீண். முதல் நாள் இரவு தேய்த்து, காலையில் அலசிவிட்டுப் போ. தங்கைகளே, உங்களுக்குத் தளர்ந்த பின்னலோ, சற்று மேலே தூக்கிய போனிடெயிலோ போதும். இறுக்கி வாரினால் வடிவமும் தெரியும், நாளடைவில் நெற்றியோரத்தில் முடியும் கொட்டும்.

பழனிக்கு மொட்டை நேர்ந்திருக்கிறார்களா? முழுப்பரீட்சை லீவில் போட்டுக்கொள். மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒன்றரை மாதத்தில் அந்த அரை அங்குலம் வந்துவிடும்.

தலை ஒரு பக்கம் தட்டையானவர்களுக்கு ஒரு காது சற்று முன்னால் இருக்கலாம். மூக்குக் கண்ணாடி கோணலாக நிற்பது அதனாலும் இருக்கும். புது ஃப்ரேம் வாங்காதே. கடையிலேயே காம்பை வளைத்துச் சரிசெய்து தருவார்கள். வண்டி ஹெல்மெட்டைப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்து வாங்கு. ஒரே இடத்தில் குத்தினால் வேறு மாடல் பார். உள்ளே இருக்கும் தெர்மோகோலை மட்டும் செதுக்காதே, உயிரைக் காப்பது அதுதான்.

ஆபரேஷன்? உண்டு. பள்ளத்தை எலும்பு சிமென்டாலோ, அளவெடுத்துச் செய்த தகட்டாலோ நிரப்புவார்கள். மயக்க மருந்து, தழும்பு, தொற்று அபாயம் எல்லாம் கூடவே வரும். அழகுக்காக மட்டும் என்றால் வளர்ச்சி முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். முடி மறைக்கிற விஷயத்துக்குத் தலையில் கத்தி வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

பின்மண்டை நடுவில், கழுத்துக்கு மேலே கையில் தட்டுப்படும் எலும்பு மேடு இயல்பானது. பையன்களுக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனால் புதிதாக ஒரு புடைப்பு வந்து பெரிதாகிறது, அடிபட்ட இடம் குழிந்திருக்கிறது, காலையில் தலைவலியோடு வாந்தி வருகிறது, பார்வை மங்குகிறது என்றால் முடிவெட்டைப் பற்றி யோசிக்காதே. அன்றைக்கே வீட்டில் சொல்லி டாக்டரிடம் போ.