லாரியில் வந்து லாரியில் போகும் தண்ணீர்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. 2024-இல் தஞ்சாவூரில் நியோ டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்ததைப் பற்றி எழுதிவிட்டு, "இனி நம்ம ஊரும் முன்னேறிடும்தானே மாமா?" என்று கேட்டிருக்கிறாய். நான் குடியிருக்கும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். அதை வைத்து நீயே யோசித்துக்கொள்.

2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. பிறகு பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று கம்பெனிகள் தெற்கே நீண்டுகொண்டே போயின. குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் இங்கே வேலைக்கு வந்தார்கள். சிற்றூரிலிருந்து வந்த பெண்கள் தங்கள் சம்பளத்தில் தம்பி தங்கையைப் படிக்க வைத்தார்கள், அப்பாவின் கடனை அடைத்தார்கள். இதை யார் குறைத்துப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

கோளாறு வரிசையில் ஆரம்பித்தது. கட்டடங்கள் முதலில் எழுந்தன, 2008-இல் ஆறுவழிச் சாலை வந்தது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மிகவும் பிந்தின. அந்த இடைவெளியில் லாரிகள் புகுந்தன.

விடிவதற்கு முன் எங்கள் தெருவில் நின்று பார். 12,000 லிட்டர் லாரி பின்பக்கமாக வந்து நிற்கும். கிளீனர் இறங்கிக் குழாயை நிலத்தடித் தொட்டியில் விடுவார். அது போய்க் கொஞ்ச நேரத்தில் கழிவுநீர் லாரி வந்து கழிவுத் தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகும். முதல் லாரியின் தண்ணீர் பெரும்பாலும் புறநகர்க் கிராமத்து வயல் கிணறுகளிலிருந்து வருவது. நெல் கொடுப்பதைவிடத் தண்ணீர் அதிகம் கொடுக்கிறது என்று கிணற்றுக்காரர் விற்கிறார். நடவுக்கும் களையெடுக்கவும் அந்த வயலுக்குப் போய்வந்த பெண்களுக்கு இந்தக் காசில் பங்கு இல்லை. அவர்களுக்கு வேலையே போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக் கிணறும் வற்றுகிறது. இரண்டாவது லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். இருட்டில் மழைநீர்க் கால்வாயில் திறந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

அந்தக் கால்வாய்கள் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நீ அவசியம் பார்க்க வேண்டும். தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் அந்தச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடல் சேரும். ஒருகாலத்தில் அந்தச் சதுப்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது என்பார்கள். குப்பைக் கிடங்கு, அலுவலகங்கள், அடுக்குமாடிகள் எல்லாம் அதைத் தின்றன. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எஞ்சியது அதில் ஒரு சிறு பங்குதான். 2015 டிசம்பரில் இங்கே வெள்ளம் புகுந்தது. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் கம்பெனிகளே ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் படகில் ஆட்களை மீட்டார்கள். தண்ணீர் தங்க இடமில்லாத ஊரில் வெள்ளமும் வறட்சியும் மாறிமாறித்தான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரத்துக் கால்வாய்க் கரைகளில் இருந்தவர்களை அப்புறப்படுத்தி எங்கள் பக்கத்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினார்கள். கம்பெனிகளின் கழிப்பறைகளைச் சுத்தம் செய்வதும் அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்ப்பதும் பெரும்பாலும் அங்கிருந்து வரும் பெண்கள்தான். ஊர் வளர்ந்ததா என்று நான் முதலில் அவர்களிடம்தான் கேட்பேன்.

உங்கள் ஊரில் இன்னும் அவகாசம் இருக்கிறது. புது ஆறும் வடவாறும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன, மாரியம்மன் கோயில் பக்கம் சமுத்திரம் ஏரி கிடக்கிறது. புதிதாக மனைப்பிரிவு போடும் இடங்களுக்குத் தோழிகளோடு போய், வரைபடத்தைக் காட்டச் சொல். பழைய வாய்க்கால் அதில் இருக்கிறதா, கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேள். அங்கே வயல் வைத்திருந்த பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போ. வாய்க்கால் எங்கே திரும்பும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பார்த்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா