சேறு சொல்லும் கடலின் வரலாறு

நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும்போது வெளிவரும் மண் ஆழத்துக்கு ஆழம் நிறம் மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு பழைய காலத்தைச் சேர்ந்தது. துருவக் கடல்களின் பழைய தட்பவெப்ப நிலையையும் விஞ்ஞானிகள் இவ்வாறே அறிகின்றனர்.

கனமான எடை பொருத்திய நீண்ட குழாயைக் கப்பலிலிருந்து கடலடிக்கு இறக்குவர். அது சேற்றில் பாய்ந்து, அடுக்கு கலையாமல் மண்ணை மேலே கொண்டுவரும். அச்சேற்றில் மூன்று சாட்சிகள் உள்ளன.

முதலாவது, கற்கள். நிலத்திலிருந்து கற்களைச் சுமந்துவரும் பனிப்பாறைகள் உருகும்போது அவற்றைக் கடலடியில் போட்டுவிடும். இரண்டாவது, டயாட்டம் என்னும் நுண்பாசி. இதில் சில இனங்கள் கடற்பனியை ஒட்டியே வாழ்பவை. மூன்றாவது, ஃபொராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரியின் சுண்ணாம்பு ஓடு. ஆக்சிஜன் 16 இலேசானது, 18 கனமானது. இலேசானதைக் கொண்ட நீர் எளிதில் ஆவியாகும். பனியூழியில் அது பனியாகி நிலத்திலேயே தங்கிவிட, கடலில் 18-இன் விகிதம் கூடும். அவ்விகிதம் ஓட்டில் பதிந்துவிடுகிறது.

1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்னும் மூவர் இந்துமாக்கடலின் தென்பகுதிச் சேற்றை ஆராய்ந்தனர். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சும் மாறுவதற்கேற்ப, சுமார் 1,00,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகளில் குளிரும் வெப்பமும் மாறி வந்ததைக் கண்டனர். நம் நாட்டில் கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் தென்பெருங்கடற் சேற்றை ஆராய்ந்து வருகிறது.

இதனால் நமக்கென்ன? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நிலத்தின்மேல் இருந்த பனி கரையவே கடல் ஏறியது. இன்று நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் பூமி மீண்டும் சூடேறுகிறது. அண்டார்க்டிகாப் பனி முழுதும் கரைந்தால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். அது நம் காலத்தில் நேராது. ஆயினும் ஒரு சிறு பங்கு கரைந்தாலே தாழ்வான பழவேற்காட்டுக் கரைக்கும் மீனவர் குடியிருப்புகளுக்கும் ஆபத்துதான். மீஞ்சூர்ப் பகுதியிலோ, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் ஏற்கெனவே உட்புகுந்துள்ளது. கடல் உயர்ந்தால் உப்பு இன்னும் உள்ளே வரும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளால் பல குடும்பங்கள் வாழ்கின்றன. தொழிலும் வேண்டும்; கரையும் வேண்டும். எவ்வளவு வெப்பத்துக்கு எவ்வளவு பனி கரையும் என்பதைக் கடலடிச் சேறு குறித்து வைத்திருக்கிறது. அதைக் கற்று, இரண்டையும் காக்கும் வழி தேடுவது மாணவியராகிய நம் கடமையாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி