தேர்வு வினாவும் அநுமான அளவையும்

புதுவையில் அரசினர் பணித் தேர்வுக்குப் பயிலும் மாணாக்கரொருவர், எம்பால் சிவஞானபோதம் பாடங்கேட்பவர், வினாத்தாளொன்றைக் காட்டினர். ‘எல்லாக் குதிரைகளும் பறவைகள், சில பறவைகள் மீன்கள், ஆதலின் சில குதிரைகள் மீன்கள்’ என்பது பொருந்துமோ என்பது வினா.

குதிரை பறவையாதல் யாண்டுங் காணாததாயிற்றே என்று மயங்க வேண்டா. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் வகுத்த நெறியின்வழி வந்த இவ்வினா, பொருளின் மெய்ம்மையை நோக்குவதன்று. கொடுத்த இரண்டினின்றும் முடிபு தவறாது பெறப்படுமோ என்னும் இயைபொன்றனையே நோக்கும். ஈண்டு இரண்டினையும் பிணிப்பது ‘பறவை’ என்னும் நடுச்சொல். அஃது ஒரு வாக்கியத்திலேனும் முற்றுந் தழுவப்பெறல் வேண்டும். குதிரையாகிய பறவைகள் ஒருபாலும் மீனாகிய பறவைகள் மற்றொருபாலும் நிற்றல் கூடுமாதலின், முடிபு பெறப்படாது. ஏது சபக்கத்தும் விபக்கத்தும் செல்லின் துணிவு பிறவாதென்று நம்மவர் விலக்கிய அநைகாந்திகம் இதனோடொக்கும்.

மாணாக்கர் பின்னும் வினவினர்: ‘தோன்றி நின்று ஒடுங்குவன எல்லாம் வினைமுதலை உடையன, உலகம் அத்தகையது, ஆதலின் உலகிற்கு வினைமுதல் உண்டு. இம்மூன்றும் விதிக்கு இயைந்தனவே. மெய்கண்டார் எடுத்துக்காட்டும் வேண்டியது மிகையன்றோ?’

மிகையன்று. தேர்வில் முதல் வாக்கியம் கொடுக்கப்பெறும்; வாதத்தில் அதனை நாட்டியே பெறல் வேண்டும். எல்லாம் இயல்பிற் றோன்றுமென்னும் உலகாயதன் முதலாவதனை மறுப்பன். உலகம் என்றும் உள்ளதென்னும் மீமாஞ்சகன் இரண்டாவதனை மறுப்பன். இவர்முன் வடிவுமட்டும் என் செய்யும்? அதுபற்றியே மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் ஒருங்கு வைக்கப்பெற்றன.

‘எல்லாம்’ என்பதனை நாட்டுதல் எத்துணை அரிதென்பது நம்மூர்ப் புறத்தே அரிக்கமேட்டிற் காணலாம். 1945-இல் அங்கு அகழ்ந்த வீலர், காலந் தெரிந்த அரிட்டைன் என்னும் இத்தாலியச் செம்மட்கலங்களைக் கொண்டு, அவ்வூர் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியதென்றும், உடன் கிடைத்த நம்நாட்டு ஓடுகளும் அக்காலத்தனவென்றும் அநுமித்தனர். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் மீண்டும் அகழ்ந்து, ஊர் அதனினும் முற்பட்டதென்று காட்டினர். உடன்கிடத்தல் வியாத்தியாகாது. ஆயினும் அவ்வோடுகளை வனைந்த குயவன் உளனென்பதில் இருதிறத்தார்க்கும் ஐயமில்லை. அவனைக் கண்டாரோ எவருமிலர். காரியவேதுவின் வலி அது.

‘குடம் வனைதலைப் பிறிதோரிடத்துக் கண்டோம், உலகு படைத்தலை யாண்டுங் கண்டிலேமே’ என்றனர். இத்தடை எளியதன்று, யாமும் இதன்கண் நெடுநாள் நின்றேம். வியாத்தி குடத்தின்மேல் நிற்பதன்று. அறிவில்லது தானே தொழிற்படாதென்னும் காரியத்தன்மைமேல் நிற்பது. அன்றியும், அநுமானம் வினைமுதல் உண்டென்னும் அளவிற் செல்லும். அம்முதலின் இயல்பு ஆகமத்தானே பெறப்படும். இவ்வளவிற் சொல்லி, சிவஞான முனிவர் மாபாடியத்துள் முதற் சூத்திரப் பகுதியை ஓதி வருக என்றேம். தேர்வு முடிந்தபின் வருவேன் என்று சென்றனர்.