நாற்றறை விளக்கு எரியாதபோது செய்யத்தக்கவை

மிளகாய், தக்காளி முதலியவற்றின் நாற்றுக்களை வீட்டினுள் மின்விளக்கின் கீழ் வளர்ப்போர், விளக்கு எரியாது நின்றால் அன்றே கவனித்தல் அவசியம். ஒளி குன்றிய நாற்றுக்கள் தண்டு நீண்டு, வெளிறி, சாய்ந்துவிடும்.

முதலாவது, அதே பிளக் பாயிண்டில் நன்றாய் எரியும் வேறொரு விளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் எரியாவிடின் குறை பியூஸ், டிரிப் சுவிட்சு முதலியவற்றிலுள்ளதாம். டிரிப் சுவிட்சு மீண்டும் மீண்டும் விழுமாயின் அதை வலிந்து ஏற்றுதலும், பியூசில் தடித்த கம்பி கட்டுதலும் பேராபத்தாகும்.

இரண்டாவது, டைமரை நீக்கி விளக்கை நேரே மாட்டுக. மின்தடையால் டைமரின் மணி பிந்தியிருத்தல் கூடும். ஒளி குறைக்கும் திருகையும் நோக்குக.

மூன்றாவது, பிளக்கைக் கழற்றியபின் ஒயரையும் இணைப்புக்களையும் சோதிக்க. ஈரத்தால் அவற்றில் களிம்பேறுவதுண்டு.

இவை செம்மையாயிருப்பின், பழுது பெரும்பாலும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டிரைவரில் இருக்கும். வெப்பத்தால் அதன் கெப்பாசிட்டர்கள் நாளடைவில் கெடும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள் மின்சாரம் தங்கக்கூடுமாதலால், அதைத் திறவாது எலெக்ட்ரீஷியனிடம் ஒப்புவித்தலே நலம். புதிய டிரைவரின் வோல்ட், ஆம்பியர் அளவுகள் விளக்குக்குப் பொருந்த வேண்டும்.

பழுது நீங்குமளவும் நாற்றுக்களை வெளிச்சமுள்ள திண்ணை நிழலில் வைத்து, மண் காய்வதறிந்து நீர் வார்க்க. அறையில் வளர்ந்தவற்றை உடனே வெயிலில் வைத்தால் இலை கருகும்.